எங்கள் வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை

ஆரணியில் யாருக்கும் சொந்தமாக இருமல் கிடையாது. இருமுவோம், அதை யாரும் மறுக்கமாட்டோம். ஆனால் அந்த இருமல் எங்களுடையது அல்ல, அரிசி மில்லுடையது. நெல் வேகவைக்க உமியை எரித்து, புகைபோக்கி வழியாக ஊருக்கெல்லாம் ஒரு கரியைப் பங்கிட்டுத் தருகிறார்களே, காலையில் மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் சாயங்காலத்துக்குள் புள்ளி வைத்துவிடுமே, அந்தக் கரி. மில் பக்கத்தில் இல்லாத தெருக்காரர்களுக்குச் சாயப்பட்டறை இருக்கிறது. இரண்டும் இல்லாத தெரு ஒன்று இருந்தால் அங்கே மார்கழிப் பனி இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருமிக்கொண்டிருப்போம். டாக்டரிடம் போனாலும் "டஸ்ட் அலர்ஜிங்க" என்று நோயை நாங்களே சொல்லிவிடுவோம். மருந்து எழுதும் வேலையை மட்டும் அவருக்கு விட்டுவைப்போம்.

நான் இந்த வீட்டின் இளைய மருமகள். இளைய என்றதும் இளமை என்று எண்ணிவிட வேண்டாம், எனக்கே மருமகன் வந்தாயிற்று. வீடு அண்ணன் தம்பி இருவருடையது. கீழே இருக்கும் தறிகளைப் பார்த்துக்கொள்வது தம்பியான என் கணவர். அவர் வாய் திறந்து நான் கேட்டது குறைவு. தறிச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. நெய்து இறக்கிய பட்டுப் புடவைகளைக் கடைக்காரர்களிடம் பேசி விற்பது அவருடைய அண்ணன். தம்பி பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவரை வீட்டில் பெரியவர் என்போம். அவர் மனைவி இளவயதிலேயே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. என் ஒரே மகளைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான். அவள் பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பெரியப்பா கையெழுத்துதான் இருக்கும்.

பெரியவருக்கு ஒரு பெருமை இருந்தது. பிறந்தது முதல் அவர் உடம்பில் ஊசி ஏறியதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட ஆட்கள் வந்த அன்று தறிக்குழிக்குள் இறங்கி, பாவு நூலுக்கு அடியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாராம். இந்த வீரக்கதையைப் புடவை பார்க்க வரும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லுவார். கதை முடிந்த பிறகுதான் புடவையைப் பிரிப்பார்.

"பட்டுல ஊசி ஏறினா அந்த எடம் காட்டிக் குடுத்துடும். அப்புறம் இன்னா இஸ்திரி போட்டாலும் மூடாது. ஒடம்பும் அப்டித்தாங்க" என்பார். கடைக்காரர்களுக்குப் பட்டு தெரியும் என்பதால் உடம்பைப் பற்றியும் ஒப்புக்கொண்டு தலையாட்டுவார்கள்.

கொரோனா காலத்தில் ஊசி போட வீடு வீடாக வந்தார்கள். முதல் முறை வந்தபோது பெரியவர் ஒரு கல்யாண ஆர்டர் விஷயமாக வந்தவாசிக்குப் போயிருந்தார். அடுத்த முறை தேசூர். வியாபாரமே படுத்துக் கிடந்த நாட்கள் அவை. அவருக்கு மட்டும் எங்கிருந்தோ ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்ட என் கணவர் படுத்தார், பெரியவர் ஒரு தும்மல் கூடத் தும்மவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் யார் வாய் கொடுக்க முடியும்?

என் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். வந்தவாசிக்கார மருமகனும் வேலைக்குப் போகும் நேரம் போக மீதி நேரமெல்லாம் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஏழாவது மாதம் தாண்டியதும் டாக்டரம்மா ஒரு ஊசி சொன்னார்கள்.

"கக்குவான் இருமலுக்கான ஊசிம்மா. ஏற்கெனவே போட்டது வேற, அதுல இது இல்ல. இப்ப நீ போட்டுக்கிட்டா உன் ரத்தம் வழியா குழந்தைக்குப் போய்ச் சேரும். குழந்தைக்கு ஒன்றரை மாசத்துலதான் முதல் ஊசி. அதுவரைக்கும் நீ குடுத்தனுப்பறதுதான் அதுக்கு. வீட்ல குழந்தைய தூக்கப் போற பெரியவங்களும் போட்டுக்கிட்டா நல்லது."

மகள் சரி என்றுதான் சொன்னாள். போட்டுக்கொண்டே வந்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதென்றாலும் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாங்குவோம்.

அவர் சிரித்தார். "கக்குவானா? அது எங்கப்பன் காலத்து நோயிமா. செத்து, எலும்பு கூட மக்கிப் போயிருக்கும். செத்துப் போனதுக்கு இன்னாத்துக்கு ஊசி?"

அது தானாகச் சாகவில்லை, ஊசிதான் அதைப் படுக்க வைத்திருக்கிறது என்று மகள் கைப்பேசியில் படித்ததைச் சொன்னாள். பெரியவர் தன் கைப்பேசியில் வந்திருந்த வேறொன்றைப் படித்துக் காட்டினார். அவருடையது நீளமாக இருந்தது, நடுநடுவே கும்பிடும் கைகளும் போட்டிருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் எதையும் வேண்டாம் என்பதில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்போம். அடுத்த வாரம் தறியில் புதுப் பாவு ஏற்றினார்கள், அன்றைக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. அதற்கடுத்து ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்லது எதையும் தொடங்கமாட்டோம், ஊசியை நல்லதில் சேர்த்துவிட்டோம். இப்படியே நாள் போய் வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. சுகப் பிரசவம். பிறந்த அன்றே போட வேண்டிய ஊசியும் சொட்டு மருந்தும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். அதைக் கேட்டு யாரும் அடுத்த வாரம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டதால் தகராறு வரவில்லை.

தகராறு வந்தது சர்க்கரைத் தண்ணீரில். தெற்கே சேனை என்பார்கள், எங்கள் பக்கம் சர்க்கரைத் தண்ணி வைப்பது என்போம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்க வேண்டும். தொட்டு வைத்தவரின் குணம் குழந்தைக்கு வந்துவிடும். ஆகவே அந்த அறையில் ஒருவரையொருவர் எடைபோடத் தொடங்கினோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது கூட எங்கள் சாதி சனம் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. என் கணவர் பேசாத ஆள், பெண் பிள்ளைக்கு அது ஆகாது என்றார்கள். நான் முன்கோபக்காரி, என் பெயரை எடுக்கவே இல்லை. மருமகனின் அம்மா நல்லவர், ஆனால் பயந்தவர். மருமகனின் அப்பா பேங்க் வேலை பார்த்தவர், பொறுமைசாலி, எல்லாம் சரி, சர்க்கரை வியாதி இருக்கிறதே, சர்க்கரைத் தண்ணீரில் அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டால்?

"பெரியப்பா வைக்கட்டும், அவரு ஒரு நாள் படுத்து யாரு பாத்திருக்கோம்?" என்றார் ஓர் உறவுக்காரர். அதோடு தேர்தல் முடிந்தது. நோய் நொடி இல்லாத உடம்பு, அதைவிட வேறென்ன வேண்டும் ஒரு பிள்ளைக்கு?

அந்த நோய் நொடி இல்லாத உடம்பு அப்போது சில நாட்களாக இருமிக்கொண்டிருந்தது. ஒன்றும் பெரிதாக இல்லை. சும்மா இருப்பார், திடீரென்று வரும், வந்தால் கொஞ்ச நேரம் விடாது. முகம் சிவந்து, கண்ணில் நீர் தளும்ப, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். அன்றைக்கும் வந்தது. கோயிலுக்குள் நுழையுமுன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார்களே, அந்த மாதிரி வராந்தாவுக்குப் போய் இருமலை முடித்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பயபக்தியோடு உள்ளே வந்தார்.

"இருமல் இருக்குதே, பரவாயில்லீங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். பயந்த சுபாவம் என்றேனே, அந்த அறையில் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"மில்லு கரிங்க. எங்க ஊர்ல எல்லாருக்கும் கீது" என்றார் பெரியவர்.

'குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த சுவருக்குக் கீழே, நர்ஸ் வெளியே போன நேரமாகப் பார்த்து, பெரியவர் குழந்தையைக் கையில் வாங்கினார். முகத்தோடு முகம் வைத்தார். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "என்னை மாதிரி இருக்கணும் கண்ணு, தெம்பா இருக்கணும்" என்றார். என் மகள் அழுதாள். கோபக்காரி என்று பெயரெடுத்த நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தைக்குப் போட்ட காவலைப் பார்த்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர்கள் கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. வந்ததும் குழந்தையைப் பார்க்கக் கூடாது, மேலே ஒட்டிய காற்று ஆறவேண்டும். சாவு வீட்டுக்குப் போனவர்கள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. கண்ணேறுக்கு ஒரு பொட்டு நெற்றியில், ஒன்று கன்னத்தில், ஒன்று உள்ளங்காலில். இது அத்தனைக்கும் காவல்காரர் பெரியவர். எல்லோரையும் வாசலில் நிறுத்திவிட்டு, தான் உள்ளே போய்க் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சுவார். நடுவில் இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இன்று சொல்லிவிடலாம். அன்று அந்த வேலியைப் பார்த்து எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

சில வாரங்கள் போயின. குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. பிறகு சின்னச் சின்னதாக இருமல். பிறகு அது கோத்துக்கொண்டு வர ஆரம்பித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, சத்தம் கூட அதிகமில்லாமல், முகம் கருஞ்சிவப்பாகும்வரை இருமுவாள். முடிந்ததும் குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டுத் துவண்டுபோவாள். கிளினிக்கில் சளி மருந்து கொடுத்தார்கள். தெருவில் விவரம் தெரிந்த பெண்கள் வந்து பார்த்தார்கள்.

"கக்குவானா இருக்குமோ?" என்று என் மகள்தான் கேட்டாள்.

"சேச்சே. கக்குவான்னா கூவும்மா. இருமி முடிச்சதும் கூஊன்னு மூச்ச இழுக்கும், தெருக்கோடி வரைக்கும் கேக்கும். எம் மாமியாவோட கடைசிக் கொழந்தைக்கு வந்துச்சே. இது கூவவே இல்லியே" என்றார் அவர்களில் மூத்தவர். கூவாத வரைக்கும் கவலையில்லை என்று எல்லோரும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். நாங்களும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். அது கூவவே இல்லை. எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போது கழுதைப்பால்காரர் தெருவுக்கு வந்தார். வருடத்தில் சில நாட்கள் வருவார், கழுதையும் குட்டியுமாக. குழந்தைக்கு இருமல், இளைப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பாலாடைச் சங்கு போதும் என்று கூவிக்கொண்டே வருவார். பெரியவர் அவர் பின்னால் ஓடி, கழுதையோடு சேர்த்து வாசலுக்கு அழைத்து வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைத் தள்ளிப்போட ஆடி, பாவு, எல்லாம் குறுக்கே வந்தன. கழுதைக்கு நாள் நட்சத்திரம் எதுவும் குறுக்கே வரவில்லை. "ஜல்தியா குடு, பால் ஆறிடப் போவுது" என்றார் என் மகளிடம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். பாலாடை குழந்தையின் உதட்டில் பட்ட நேரம் இருமல் வந்துவிட்டது.

இந்த முறை முடிவு வரவில்லை. இருமினாள், இருமினாள், பிறகு இருமலும் இல்லை, மூச்சும் இல்லை. கையும் காலும் தொங்கிவிட்டன.

நாங்கள் நிறத்தில் பிழைக்கிற குடும்பம். நீலத்துக்கு மட்டும் எங்களிடம் எத்தனை பெயர்கள்! மயில்கழுத்து, ஆனந்தா, ராமர் நீலம், இங்க் நீலம், ஒன்றுக்கொன்று சாயத்தில் ஒரு முக்கு வித்தியாசம் என்றாலும் கண்டுபிடித்துவிடுவோம். அவள் உதட்டில் அன்று வந்த நீலத்தை நான் எந்தப் புடவையிலும் பார்த்ததில்லை. இனி எந்தப் புடவையிலும் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். மகள் அவளைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள். பாதத்தைச் சுண்டினாள். எங்கேயோ போயிருந்த மூச்சு ஒரு விக்கலோடு திரும்பி வந்தது.

ஆம்புலன்ஸ் கண்ணமங்கலம் தாண்டி வேலூர் போய்ச் சேருவதற்குள் அது இன்னொரு முறை நடந்தது. கூட வந்த ஆம்புலன்ஸ் உதவியாளர் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். என் மகள் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. ஊரில் எத்தனையோ சாமிகள் உண்டு எனக்கு. அந்த வழி முழுக்க ஒரு சாமி பெயரும் நினைவுக்கு வரவில்லை.

வேலூரில் குழந்தையை உள்ளே கொண்டுபோன பிறகு ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார். பின்னால் காரில் வந்த ஆண்களும் அதற்குள் சேர்ந்துவிட்டார்கள்.

"வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன் நான். "யாருக்கும் இல்லீங்க" என்றார் மருமகன். என் கணவர் இல்லை என்று தலையாட்டினார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்போம்.

எங்களுக்குப் பின்னால் பெரியவர் இருமத் தொடங்கினார். மூச்சு விட இடம் கொடுக்காமல், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்த இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மூலையில் இருந்த குப்பைக் கூடையைத் தேடி ஓடி வாந்தியெடுத்தார். டாக்டர் எங்களை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் யாரு?"

"எங்க பெரிய மாமனாருங்க" என்றார் மருமகன்.

"இருமறாரே?"

"அது மில்லு கரிங்க டாக்டர்" என்றார் அதற்கும். எங்கள் வீட்டில் இருந்த சில மாதங்களில் அவரும் முழு ஆரணிக்காரராகியிருந்தார்.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இது கக்குவானாகத்தான் இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பெரியவர்களுக்கு இது வெறும் நாள்பட்ட இருமல் மாதிரிதான் தெரியுமாம், நடமாடிக்கொண்டே இருப்பார்களாம். சின்ன வயதில் ஊசி போட்டிருந்தாலும் வருஷம் ஆக ஆக அதன் பலம் குறைந்துவிடுமாம். போடாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "இது போயிடுச்சின்னு எல்லாரும் மறந்துட்டாங்க. இப்ப மறுபடியும் வந்துக்கிட்டிருக்கு. அதனாலதான் கர்ப்பத்துலயே அம்மாவுக்குப் போடச் சொல்றோம்."

"ஆனா கூவலியே டாக்டர்" என்றேன். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

"இத்தனூண்டு குழந்தைக்குக் கூவறதுக்கு மூச்சு ஏதும்மா?" என்றார்.

குழந்தையின் மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்தார்கள். பெரியவரிடமும் எடுத்தார்கள். இரண்டும் ஒரே பதிலோடு வந்தன. ஆனால் அது வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, "நானாப்பா?" என்று கேட்டபோது, என் கணவர் வாய் திறந்தார்.

"அண்ணா, நீ வெளிய இரு."

அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்திலிருந்து அன்றுவரை அவர் அண்ணனிடம் சொன்ன வார்த்தைகளை ஒன்றுசேர்த்தாலும் இந்த ஒன்றின் கனம் இருக்காது. பெரியவர் படி இறங்கிப் போனார். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இருமல் உள்ளவர், இல்லாதவர், தறி ஓட்டுகிறவர், சமையலுக்கு உதவ வந்தவர், எல்லோருக்கும். பிரசாதம் வாங்குவது போல வரிசையில் நின்று வாங்கி விழுங்கினோம். பெரியவருக்கு மரத்தடிக்கே கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். எனக்கு அவர் மேல் கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை ஒவ்வொரு முறை இருமும்போதும் இந்த மனிதனை வெறுத்தேன். நர்ஸ் ஓடிவந்து பாதத்தைச் சுண்டி, மூச்சைத் திரும்பக் கூப்பிடும்வரை வெறுத்தேன். அந்த வெறுப்போடுதான் மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கி, "இன்னா சொல்றாங்கமா, பொழைச்சிக்குமா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வர, என்மேல் படக்கூடாது என்று எழுந்து மதிலோரம் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுகிற ஒருவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிழைத்தாள். சீக்கிரத்தில் இல்லை, அவ்வளவு சுலபமாகவும் இல்லை. உள்ளே இருந்த நாட்களில் அவள் அழுது நாங்கள் கேட்கவே இல்லை. வாயைத் திறப்பாள், முகம் அழுகிற மாதிரி சுருங்கும், சத்தம் வராது. வீட்டுக்கு வந்த பிறகும் பூனைக்குட்டி முனகுகிற மாதிரிதான் இருந்தது. இருமல் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது.

பெரியவர் மாறிவிட்டார். கொஞ்சம் அதிகமாகவே மாறிவிட்டார். டாக்டரம்மாவிடம் தானே போய்ப் பெரியவர்களுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி ஏறிய இடத்தைக் கடைக்காரர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் புடவையைப் பிரித்தார். முன்பு ஊசி இல்லாத பெருமை கேட்ட அதே கடைக்காரர்கள் இப்போது ஊசி போட்ட பெருமைக்கும் தலையாட்டினார்கள். படுக்கையைத் தறிக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை மறித்தார்.

"இருமல் கீதா? எத்தினி நாளா? மில்லு கரின்னு மட்டும் சொல்லாத."

பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வீட்டிலும் அவருக்குப் பேச ஆளில்லை. என் கணவர் பழையபடி மௌனமாகிவிட்டார். மகளோ அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சாப்பிட வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அவரும் பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவார்.

இதற்கிடையில் தேசூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது. சர்க்கரைத் தண்ணீர் வைக்கப் பெரியவர்தான் வரவேண்டுமாம். ஏன் இவரையே தேடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எமன் வாயில போன கொழந்த திரும்பி வந்துச்சின்னா சும்மாவா? பெரியவரு கைராசிதாங்க. அவரு வெச்சதாலதான் பொழைச்சிதுன்னு எங்க ஊரே பேசிகினு கீது" என்றார்கள்.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "யாரும் ஒண்ணும் வெக்க வாணாம். தாய்ப்பால மட்டும் குடுங்க. அந்தப் பொண்ணுக்கு ஊசி போட்டாச்சான்னு கேளுங்க" என்றார். அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. நான்கு பேர் தேடி வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர்களில் ஒருவர் விடாமல் இருமினார். "பஸ்ல ஒரே தூசிங்க" என்றார்.

உடம்பு தேறிவிட்டது, தள்ளிப்போன ஊசியை இனிப் போடலாம் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினோம், நானும் மகளும் குழந்தையும் ஆட்டோவில். அந்த வாரம் என் நாத்தனார் வீட்டில் விசேஷம் இருந்தது, அடுத்த வாரம் போகலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் தன் மொபெட்டில் ஆட்டோவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. சுகாதார நிலையத்து வாசலுக்கு எதிரே, சாக்கடைக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டார். மகள் பார்த்தாள். பார்க்காதது போல உள்ளே போனாள்.

உள்ளே ஏகப்பட்ட குழந்தைகள், ஏகப்பட்ட அழுகை. எங்கள் முறை வந்தது. மகள் குழந்தையை மடியில் வைத்துத் தொடையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஊசியைப் போட்டு எடுத்தார். குழந்தையின் வாய் திறந்தது, முகம் சிவந்தது, சத்தம் வரவில்லை. முகம் இன்னும் சிவந்தது. மகளின் கை தானாகக் குழந்தையின் பாதத்துக்குப் போய்விட்டது.

பிறகு அழுதாள். அப்படி ஓர் அழுகையை அவள் பிறந்த அன்றும் நாங்கள் கேட்டதில்லை. வரிசையில் நின்ற குழந்தைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. மூச்சை இழுத்து இழுத்து, இழுத்த மூச்சு முழுவதையும் செலவு செய்து அழுதாள்.

"அவ்ளோதான்டா செல்லம், அழாத, முடிஞ்சி போச்சி" என்று நர்ஸ் கன்னத்தைத் தட்டி, சமாதானப்படுத்தக் கை நீட்டினார்.

"விடுங்க சிஸ்டர். அழட்டும்" என்றாள் என் மகள்.

தோளில் போடவில்லை, தட்டிக் கொடுக்கவில்லை, பால் கொடுக்கவில்லை. கத்துகிற குழந்தையைக் கையில் ஏந்தியபடி விடுவிடுவென்று வெளியே வந்து வாசல் படியில் நின்றாள். சாக்கடைக்கு அந்தப் பக்கம் பெரியவர் நின்றிருந்தார். இத்தனை நாள் கழித்து அவரைப் பார்த்துப் பேசினாள்.

"கேக்குதா பெரியப்பா?"

அவர் கிட்டே வரவில்லை. அங்கேயே நின்று, கேட்கிறது என்று தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.